மரத்துப்போக முக்கால் மணி நேரம்

பதினொன்று பத்துக்கு ஜெனிட்டா கிரீமைப் பூசி முடித்தாள். மேலுதடு, தாடை, இரண்டு காதோரமும், கழுத்தில் தொண்டைக்குழி வரைக்கும். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை, வெட்டி மிச்சம் வைத்த தர்பூசணியை மூடுவதுபோல இழுத்து ஒட்டிவிட்டு, "முக்கால் மணி நேரம் மேடம். வாயைத் திறக்காதீங்க. கிரீம் உள்ள போச்சுன்னா நாக்கும் சேர்ந்து மரத்துப்போயிடும்" என்று சொல்லி, கதவை ஒருக்களித்துவிட்டுப் போனாள். குழலி சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். இதோடு எட்டாவது தடவை இந்த நாற்காலி. முந்தைய ஏழு தடவையும் வராத ஒரு படபடப்பு இன்றைக்கு வந்து விலாவுக்குள் உட்கார்ந்திருந்தது. கீழே வரவேற்பு மேஜையில் கொடுத்த தாளில், ஒவ்வொரு தடவையும் கொடுக்கிற அதே தாளில், பதினோராவது கேள்வி: தற்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். ஏழு தடவை இல்லையில் டிக் அடித்த கை எட்டாவது தடவையும் தானாகப் போய் அங்கேயே அடித்தது. தானாகவா? இல்லை. பேனா ஒரு கணம் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நின்றது. வரவேற்புப் பெண் ஃபோனில் யாரிடமோ "சனிக்கிழமை ஃபுல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஃபோனை வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஏனோ தோன்றியது. அடித்தாள். கீழே கையெழுத்தும் போட்டாள். மட்டுவார்குழலி. மலைக்கோட்டையில் தாயுமானவருக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மன் பெயர். அம்மா வேண்டிக்கொண்டு வைத்தது. வாசம் வீசுகிற கூந்தல்காரி என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் அய்யா அர்த்தம் சொன்னபோது வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. பதினான்கு வயது. மேலுதட்டில் அப்போதே நிழல் விழுந்திருந்தது.

சுவர்க்கடிகாரத்தில் முள் நகர்கிற சத்தம் இல்லை. பதினொன்று பதினான்கு. கிரீம் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு லேசாகக் காந்தும், பிறகு ஈறு வரைக்கும் ஒரு வெறுமை இறங்கும். இப்போது காந்திக்கொண்டிருந்தது. இது தோலுக்குள் போகிறது, தோலுக்குள் போனால் ரத்தத்துக்குப் போகும், ரத்தத்துக்குப் போனால்... எங்கே படித்தாள்? ஃபோனில், குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு. ஒரு இடத்தில் ஒன்றும் ஆகாது என்றிருந்தது. இன்னொரு இடத்தில் தவிர்ப்பது நல்லது என்றிருந்தது. முதல் நாளே டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "நீர்க்கட்டியினால வர்ற முடி இது. வேர்ல இருக்கிற காரணம் ஹார்மோன். லேசர் குறைக்கும், மெலிசாக்கும். நிறுத்தினா திரும்பி வரலாம். கர்ப்பமானா உடனே நிறுத்திடணும், பால் குடுக்கிற வரைக்கும் கிட்டவே வரக்கூடாது." அவள் கேட்டாள், "குழந்தைக்குக் கெடுதலா டாக்டர்?" "கெடுதல்னு நிரூபணம் இல்ல. கெடுதல் இல்லைன்னும் நிரூபணம் இல்ல. அதனால நாங்க பண்றதில்ல." அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரிப்புக்கூட வந்தது. ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை தங்கி, அதுவும் ஒன்பதாம் வாரத்தில் கரைந்துபோன வயிறு. அதற்குப் போய் இந்தம்மா பால் கொடுக்கிற வரைக்கும் கணக்குச் சொல்கிறாரே என்று. இப்போது பத்து நாளாகத் தெரியும். இரண்டு கோடு. மறுநாளும் இரண்டு கோடு. மூன்றாவது அட்டையைப் போன புதன்கிழமை வேலை பார்க்கிற கடையின் கழிவறையில் பார்த்தாள், அதிலும் இரண்டு. கணவன் இளவழகனிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவான். சொன்னால் இது நின்றுவிடும். இந்த இரண்டு நினைப்பும் ஒன்றாகவே வந்தன, எது முதலில் வந்தது என்று அவளால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. அதுதான் அவளைத் தின்றது. ஒரு தாய்க்கு எது முதலில் வர வேண்டும்?

சரி, இன்னும் இரண்டே சிட்டிங். ஒன்பது என்றுதான் டாக்டர் சொன்னார். இன்றைக்கு ஒன்று, ஒன்றரை மாதம் கழித்து ஒன்று, அதோடு நிறுத்திவிட்டால்? ஆனால் அதற்குள் வயிறு தெரியுமே. அப்படியானால் இன்றைக்கு மட்டும். இதுதான் கடைசி. இதைத்தான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். உறையூரில் ஏறி தில்லைநகரில் இறங்குகிற தூரத்துக்குள் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். இன்றைக்கு மட்டும் செய்துகொண்டால் அந்தத் துணையில் நாலைந்து மாதம் ஓட்டிவிடலாம். அதற்குப் பிறகு? கர்ப்பத்தில் ஹார்மோன் தலைகீழாக ஆடும், சிலருக்கு முன்னைவிட அடர்த்தியாக வரும் என்று அதே ஃபோனில் அதே குளியலறையில் படித்திருந்தாள். முகத்தில் முடியோடு பிள்ளைக்குப் பால் கொடுக்கிற ஒருத்தியை அவள் நினைத்துப் பார்த்தாள். அந்த முகம் அவளுடையதாகவே இருந்தது. பிள்ளை கண் திறந்து முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.

முதலில் பார்ப்பது. அவளுக்கு உடனே அந்தச் சிறுமி ஞாபகம் வந்தாள். வேண்டாம் என்று தள்ளினாலும் வருவாள். குழலி வேலை பார்ப்பது பெரிய கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கடையில். பதினொரு வருஷமாக ஃபிரேம் மாட்டிவிடுகிறாள், மூக்கில் உட்காருகிறதா, காதில் அழுத்துகிறதா என்று பார்க்கிறாள், கருவிழிக்கும் கருவிழிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறாள். ஒரு சாண் தூரத்தில் அடுத்தவர் முகம். அடுத்தவருக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் முகம். எந்த வெளிச்சம் காட்டிக்கொடுக்கும், எது மறைக்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு சினிமாக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. மேலேயிருந்து விழுகிற டியூப்லைட் பரவாயில்லை. பக்கவாட்டில் காலை வெயில் வந்தால் தாடையில் ஒவ்வொரு முளையும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். அதனால் வாடிக்கையாளர் நாற்காலியை அவளே சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள், முதலாளி கேட்டதற்குக் கண்ணாடியில் தெரு வெளிச்சம் பட்டு பவர் சரியாகச் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு காரணம் சொன்னாள். அந்தச் சிறுமிக்குப் பத்து வயது இருக்கும். பவர் மைனஸ் ஐந்து. அதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, படிப்பு வரவில்லை என்று அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டுக் குழலி, "இப்ப பாருடா" என்றாள். பிள்ளை பார்த்தது. உலகத்திலேயே முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்த முகம். வாயெல்லாம் சிரிப்பாக விரிந்தது. பிறகு கண் கீழே இறங்கியது, தாடையில் நின்றது, சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அந்தப் பிள்ளை தப்புச் செய்துவிட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டது. அன்று சாயங்காலம்தான் குழலி இந்த மருத்துவமனைக்கு ஃபோன் பண்ணினாள். சிரித்திருந்தால், மீசை என்று கத்தியிருந்தால் போயிருக்கும். அந்தக் குனிவுதான் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அதே மாதிரி சத்தமில்லாத விலகலை அவள் வீட்டில் ஏற்கனவே பார்த்திருந்தாள்.

பதினொன்று இருபத்தாறு. மேலுதடு போய்விட்டது. நாக்கால் தொட்டால் வேறு யாருடைய உதடோபோல இருந்தது. கல்யாணமாகி மூன்றாவது வாரம். அதுவரை தினமும் நாலே முக்காலுக்கு எழுந்து, குளியலறையில் மழித்து, முகம் கழுவி, பவுடர் போட்டு, மறுபடி வந்து படுத்துக்கொள்வாள், இப்போதுதான் எழுகிறாள் என்று நினைக்கட்டும் என்று. அன்றைக்குக் காய்ச்சல், எழவில்லை. இளவழகன் தூக்கத்திலேயே கையை நீட்டி அவள் தாடையில் உள்ளங்கையை வைத்தான். வைத்தவன் கண் திறந்தான். கை அசையவில்லை. எவ்வளவு நேரம்? மூன்று விநாடி இருக்கும். பிறகு அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக, தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து உருவுவதுபோல, விலகியது. "காய்ச்சல் இருக்கே, மாத்திரை எடுத்துட்டு வரவா?" என்றான். மாத்திரை கொண்டுவந்தான். தண்ணீர் கொண்டுவந்தான். கஞ்சி வைத்தான். நல்லவன். பாலிடெக்னிக்கில் பசங்கள் எல்லோருக்கும் பிடித்த வாத்தியார், அதட்டத் தெரியாதவன். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவள் முகத்தை அவன் தொடவில்லை. மற்றதெல்லாம் இருந்தது. இருட்டில், அவள் கழுத்துக்குக் கீழே, அவன் முகம் தலையணைப் பக்கம் திரும்பியபடி. அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். தோளைத் தொடுவான், கையைப் பிடிப்பான், சாலை கடக்கும்போது முழங்கையைப் பற்றுவான். பேச்சில்கூட முகம் வராது. புடவை நல்லா இருக்கு என்பானே தவிர நீ நல்லா இருக்கே என்று சொன்னதில்லை. அல்லது சொல்லியிருக்கிறானோ, அவளுக்குத்தான் காதில் விழவில்லையோ. கேட்டிருக்கலாம். ஒரு நாளாவது ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் சொல்லிவிடுவானே என்ற பயம். சொல்லாத வரைக்கும் அது அவள் கற்பனையாகவும் இருக்கலாம்.

ஆறாவது சிட்டிங் முடிந்து இரண்டு மூன்று வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்ட் இல்லை, இரண்டு பேரும் ஹாலில் தரையில் படுத்திருந்தார்கள். அவன் எதையோ சொல்லிக்கொண்டே விரல் முதுகால் அவள் கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தான். நிறுத்தினான். மறுபடி இழுத்தான். "மெத்துன்னு இருக்கு" என்றான். அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். அந்த மத்தியானம்தான் இது தங்கியது. வேறு எந்த நாளும் இல்லை, அவளுக்குத் தெரியும். அப்படியானால் இந்தப் பிள்ளைக்கு மெஷினும் ஒரு காரணம். மெஷின் முகத்தை மாற்றியது, முகம் அவன் கையைக் கொண்டுவந்தது, கை இதைக் கொண்டுவந்தது. இப்போது இது வந்து மெஷினை நிறுத்தச் சொல்கிறது. மெஷின் நின்றால் முகம் போகும், முகம் போனால் கை போகும். போனால் போகட்டுமே, பிள்ளை இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். அவளும் சொல்லிப் பார்த்தாள். ஐந்து வருஷம் அந்தக் கை இல்லாமல் இருந்தபோது அது இல்லை என்று மட்டும்தான் தெரிந்தது. ஒரு தடவை வந்து போனால் என்ன ஆகும் என்று இப்போதுதான் தெரியும். அப்புறம் இன்னொரு எண்ணம், இது வரும்போதெல்லாம் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்: மெத்துன்னு இருக்கு என்று அவன் சொன்னது யாரை? அவன் தொட்டது யாருடைய கன்னம்? ஆறு வருஷமாகக் கூட இருந்தவளை அவன் இன்னும் தொடவே இல்லையோ.

அதுவும் போகட்டும். ஏழாவது சிட்டிங் நடந்தபோது? விரலை மடக்கி எண்ணினாள். அந்த ஞாயிறு, பிறகு ஏழாவது சிட்டிங், பிறகு இன்றைக்கு. மாதவிலக்கு ஒழுங்காக வந்த உடம்பா இது, நாள் சொல்ல? ஆனாலும் எப்படி எண்ணினாலும் ஏழாவது சிட்டிங்கின்போதே இது உள்ளே இருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது. அன்றைக்கும் இதே கிரீம், இதே பிளாஸ்டிக், இதே முக்கால் மணி நேரம். நடந்ததில் ஒன்றும் ஆகவில்லையே என்று மனசு உடனே எழுந்து வாதாடியது. ஒன்றும் ஆகவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று இன்னொன்று கேட்டது. போன தடவை ஒன்பதாம் வாரம் போனபோது அத்தை, இளவழகனின் அம்மா, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "தண்ணிக்குடம் தூக்கினியா? மாடிப்படி ஏறினியா? ஏதாச்சும் செஞ்சிருப்பே, யோசிச்சுப் பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்போலத்தான் கேட்டார். அவள் நாலு நாள் படுத்தபடியே யோசித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் கேஸ் சிலிண்டரை நகர்த்தினேன் என்று பொய் சொன்னாள், அந்தக் கேள்வி நிற்கட்டும் என்று. இந்தத் தடவை போனால் பொய் சொல்ல வேண்டியிருக்காது. பதினோராவது கேள்வி, கறுப்பு மசி, கையெழுத்து. போகாமல் நின்று பிறந்து, பிறந்ததில் ஏதாவது குறை இருந்தாலும், ஆயுசு முழுக்க அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் இந்த நாற்காலிதான் கண்முன் வரும். யாரும் அவளைக் கேட்கக்கூட வேண்டாம்.

வளைகாப்பு நினைப்பு எப்போது உள்ளே வந்தது என்று தெரியவில்லை. மண்டபம்கூட இல்லை, வீட்டு ஹால்தான். மணையில் அவள். வரிசையாக வருகிறார்கள். சித்திமார்கள், நாத்தனார், பக்கத்து வீட்டு அம்மா, கடையில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேர். கிண்ணத்தில் சந்தனம். ஒவ்வொருத்தியும் இரண்டு கையிலும் எடுத்து இரண்டு கன்னத்திலும் காதிலிருந்து தாடை வரைக்கும் தடவுகிறாள். இருபது பேர் என்றால் நாற்பது கை. அன்று காலையில் மழித்திருப்பாள்தான், ஆனால் மத்தியானத்துக்குள் முளைத்துவிடும், முள்ளாக. முதல் கை பட்டதும் தடவுகிறவளின் முகம் மாறும். ஒரு விநாடி. பிறகு சிரித்து, "நல்லபடியா பெத்து எடு" என்று சொல்லிவிட்டு வளையலை ஏற்றுவாள். அடுத்தவள். நாற்பது கையும் தடவி, சந்தனம் காய்ந்து, அதற்குள்ளிருந்து முடி ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டு. பிளாஸ்டிக்கைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது. ஓடினால் நேற்று ராத்திரி மழித்த முகத்தோடு, தாடையில் பச்சை படர்ந்த முகத்தோடு, தெருவில். கை நாற்காலிப் பிடியை விடவில்லை.

கதவு திறந்தது. ஜெனிட்டா தலையை நீட்டி, "மரத்துச்சா மேடம்?" என்றாள். இருபத்தைந்து வயது இருக்கும், மணப்பாறைப் பக்கத்துப் பெண், எப்போதும் அவசரம், எப்போதும் நல்ல பேச்சு. விரல் நகத்தால் பிளாஸ்டிக்கின் மேலேயே இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தாள். "இன்னும் பத்து நிமிஷம். இன்னிக்கு ஃபுல் ஃபேஸ், நல்லா செட்டாகட்டும். உங்களுக்கு நல்ல ரிசல்ட் மேடம். டாக்டர் உங்க ஃபோட்டோவைத்தான் புதுசா வர்றவங்களுக்குக் காட்டுறாங்க, கண்ணை மறைச்சுட்டுத்தான்." குழலி கையைத் தூக்கினாள். சொல்ல வேண்டும் என்றுதான் தூக்கினாள். ஜெனிட்டா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அவள் கையை ஒரு தட்டுத் தட்டி, "பயப்படாதீங்க, எட்டாவது தடவை, இன்னும் பயமா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று குழலி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல சாக்கு. பதினொன்று நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்திரண்டு. ஒன்று செய்யலாம், ஜெனிட்டா மறுபடி வரும்போது ஆறாவது வார்த்தைக்குள் மேடம் என்று சொன்னால் செய்துகொள்வது, சொல்லாவிட்டால் வேண்டாம் என்று. சீ, என்ன புத்தி இது என்றும் தோன்றியது. ஆனாலும் எண்ணினாள். ஜெனிட்டா வந்து, "வாங்க, ரூம் இப்ப ஃப்ரீ ஆயிடுச்சு, போலாம் மேடம்" என்றாள். ஏழாவது வார்த்தை. அப்படியும் எழுந்து போனாள்.

லேசர் அறை சின்னது. ஜன்னல் கிடையாது. முகத்தைத் துடைத்து, குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கண்மேல் கறுப்பு மூடியை வைத்தாள் ஜெனிட்டா. அப்புறம் எல்லாம் சத்தமும் வாசனையும்தான். மெஷின் உறுமி நின்றது. இடது காதோரத்தில் முதல் பொறி. மரத்துப்போயிருந்தும் அடியில் ஒரு சுருக். கண் மூடியிருந்தும் ஒரு செம்மை. முடி கருகுகிற நாற்றம். இரண்டு, மூன்று, நாலு, கன்னத்தின் ஓரமாக இறங்கி தாடைக்கு வந்தது. அவள் வயிற்றை எக்கிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து எக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியவில்லை, முதல் பொறியிலிருந்தே இருக்கும். ஒளி அவ்வளவு தூரம் போகாது, தோலுக்குள் ஒரு மயிரிழை ஆழம்தான் போகும் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் வயிறு உள்ளே போய் முதுகெலும்பை ஒட்டப் பார்த்தது. அதற்கு மேல் போக இடமில்லை. ஒவ்வொரு பொறிக்கும் அது பின்வாங்கியது. உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டு அந்த உடம்பு அவளிடமிருந்துதான் விலகி ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் முடிந்து, மோவாய் நடுவுக்கு வந்தபோது அவள் கையை நீட்டி ஜெனிட்டாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"என்ன மேடம், வலிக்குதா? குறைச்சு வைக்கவா?"

குழலி சொன்னாள். உதடு ஒட்டவில்லை. வார்த்தை எச்சிலாக வழிந்தது.

"என்னது? புரியல மேடம்."

கண்மூடியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்காட்டினாள். ஜெனிட்டா முதலில் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தை. அடுத்த நொடி மெஷினை அணைத்தாள்.

"ஃபார்ம்ல இல்லைன்னுதானே அடிச்சிருந்தீங்க?"

"அடிச்சேன்."

"தெரிஞ்சேவா?"

குழலி தலையை ஆட்டினாள்.

"ஐயோ, ஏன் மேடம்?" ஜெனிட்டாவின் குரல் உடைந்தது. "நான் வாயாலயும் ஒரு தடவை கேக்கணும். அதுதான் ரூல். நீங்க பழைய ஆளுன்னு கேக்கல. என்னைத்தான் கேப்பாங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது மேடம், இந்த வேலை கிடைக்க நான்..." முடிக்காமல் ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து குழலியின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஜெனிட்டாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. குழலிக்கு இது தோன்றவே இல்லை. முக்கால் மணி நேரம் படுத்து எல்லாவற்றையும் யோசித்தவள், கணவன், மாமியார், நாற்பது கை என்று யோசித்தவள், இந்தப் பெண்ணை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

டாக்டரம்மா வந்தார். கத்தவில்லை. அந்தத் தாளை வரவழைத்து, மேஜைமேல் வைத்து, விரலால் பதினோராவது கேள்வியைத் தொட்டார். "இது எங்ககிட்ட இருக்கும்" என்றார். குழலி, "ஜெனிட்டா மேல தப்பில்ல டாக்டர்" என்று சொன்னது பாதிதான் வார்த்தையாக வந்தது. "அதை நாங்க பாத்துக்கறோம்." "குழந்தைக்கு?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாதும்மா. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா எழுதிக் குடுன்னா எழுதித் தர மாட்டேன். உங்க பிரசவ டாக்டர்கிட்ட போங்க, இதையும் சேர்த்து எல்லாத்தையும் சொல்லுங்க. இனிமே இங்க வர்றது பால் நிறுத்தின பிறகு." குழலி வலது கன்னத்தைக் காட்டினாள். "இந்தப் பக்கம்?" "வளரும்" என்றார் டாக்டர்.

வரவேற்பறையின் கோடி நாற்காலியில் உட்கார்ந்து இளவழகனுக்கு ஃபோன் பண்ணினாள். மாசமா இருக்கேன் என்பதற்கு உதடு ஒட்ட வேண்டும், மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவனுக்குப் புரிந்து, அவன் சிரிப்பது கேட்டது, "நிஜமாவா? குழலி, நிஜமாவா?" அந்தச் சிரிப்பு முழுதாக வெளியே வரட்டும் என்று காத்திருந்தாள். பிறகு மீதியையும் சொன்னாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"பத்து நாளா."

"பத்து நாளா தெரிஞ்சுமா போய் உக்காந்தே?" அவன் இருக்கிற இடத்தில் யாரோ பந்து அடிக்கிற சத்தம். "யாருக்காக இதையெல்லாம் பண்றே? நான் உன்னை எப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"இல்லைங்க" என்றாள். உண்மைதான். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அங்கேயே இரு. வர்றேன்."

வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதவருகில் நின்றான். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் பையை வாங்கிக்கொண்டான். வண்டியில் ஏறும்போது "மெதுவா" என்றான். அவ்வளவு நிதானமாக அவன் ஓட்டி அவள் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி கிட்டத்தட்ட நின்று ஏறி இறங்கியது. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். இந்த நிதானம் முழுக்க உள்ளே இருக்கிறதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அவள் அதற்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"மெடிக்கல்ல நிறுத்துங்க" என்றாள்.

அவன் வண்டியை ஓரம் கட்டினான், இறங்கவில்லை. கடையில் கூட்டமில்லை. "ஃபோலிக் ஆசிட் மாத்திரை" என்றாள். கடைக்காரர் எடுத்து வைத்தார். "அப்புறம் ஒரு ஷேவிங் ரேசர்." அவர் அவளைத் தாண்டி வண்டியைப் பார்த்து, "சார் எது யூஸ் பண்றாரு?" என்று கேட்டார்.

"எனக்கு."

கடைக்காரர் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் சிவந்து தடித்து, இன்னொரு பக்கம் பச்சையாக. "லேடீஸுக்குன்னு தனியா பிங்க் கலர்ல..."

"அது கை, காலுக்கு. எனக்கு முகத்துக்கு. நல்லதா குடுங்க."

வண்டிப் பக்கம் திரும்பாமலே தெரிந்தது, அவன் கேட்டுவிட்டான். திரும்பிப் பார்த்தாள். இளவழகன் எதிர்ச்சாரியில் நின்ற பஸ்ஸின் போர்டை, ஊர் பேர் தெரியாதவன்போல, படித்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் ரேசரை எடுத்து, நாப்கினைச் சுற்றுவதுபோலச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தார்.

"சுத்த வேண்டாம். அப்படியே குடுங்க" என்று கையை நீட்டினாள் குழலி.